ஸ்டோட்ஸ் டெய்ல்: சால்மனுக்கு ஒரு கறுப்பு ஈ கட்டும் முறை

கடலிலிருந்து ஆறேறும் அட்லாண்டிக் சால்மன், முட்டையிடும்வரை இரை எடுப்பதில்லை. ஆகவே அதற்குக் கட்டும் செயற்கை ஈ (தூண்டில் முள்ளில் முடியும் இறகும் கட்டிய போலி இரை) எந்தப் பூச்சியின் அச்சாகவும் இருக்க வேண்டாம். ஓட்டத்தில் உயிருள்ளதுபோல் அசைந்தால் போதும். ஸ்காட்லாந்தின் டீ, ஸ்பே ஆறுகளில் கோடைத் தெளிநீருக்கு உதவும் ஸ்டோட்ஸ் டெய்ல் என்ற ஈயில் கட்டிப் பழகுங்கள். பொருள் குறைவு, தப்பு உடனே கண்ணில் படும்.

8ஆம் எண் இரட்டைத் தூண்டில் முள், கறுப்பு நூல், கறுப்புப் பட்டு இழை, மெல்லிய வெள்ளி ஜரிகை, கோல்டன் ஃபெசன்ட் சேவலின் மஞ்சள் கொண்டை இறகு ஒன்று, கறுப்புச் சேவல் இறகு, வார்னிஷ் வேண்டும். ஸ்டோட் என்பது கீரி போன்ற ஒரு சிறு பிராணி. அதன் வால்முடிக்குப் பதில் கறுப்புச் சாயமேற்றிய அணில்வால் முடியே போதும்.

முள்ளை வைஸில் (பிடிகருவியில்) இறுக்கி, காதுக்கு (தூண்டில் நரம்பு கோக்கும் துளைக்கு) பின்னால் 2 மி.மீ. விட்டு நூலைத் தொடங்குங்கள். முள் வளையத் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே ஜரிகை மூன்று சுற்று. அதன்மேல் கொண்டை இறகு, நுனி மேல்நோக்கி வளையும்படி. பிறகு பட்டு இழையை மேடுபள்ளமின்றிச் சுற்றி, அதன்மேல் ஜரிகையை இடைவெளி விட்டு ஐந்து சுற்று. தொண்டையில் (காதுக்குச் சற்றுப் பின்னால், அடிப்புறத்தில்) சேவல் இறகின் இழைகள் ஒரு சிட்டிகை.

காரியம் கெடுவது இறக்கையில்தான், அதாவது உடலின் மேல்புறம் கட்டும் அணில்வால் முடியில். முடி தீக்குச்சிப் பருமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈ ஓட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அடியிலுள்ள பஞ்சு முடியைச் சீவி எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கட்டு வழுக்கும். அடிமுனைகளைச் சரிவாக வெட்டி, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்த பின்னரே இறுக்குங்கள். இதைச் செய்யாத ஈ பத்து வீச்சில் மொட்டையாகும். இறக்கை முள்ளின் வளைவைத் தாண்டி நீண்டால், மீன் நுனியை மட்டும் கவ்வி விட்டுவிடும். தலைக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். காதுத் துளை அடைபட்டிருந்தால் ஊசியால் குத்தித் திறவுங்கள், ஆற்றங்கரையில் நரம்பு கோக்க முடியாமல் திண்டாட வேண்டாம்.

நிறத்தைவிட அளவுதான் முக்கியம். தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்கு மேலிருந்தால் மிதக்கும் லைனில் 8 முதல் 12 வரையான எண்கள் (எண் கூடக்கூட முள் சிறுக்கும்). குளிர்ந்த நீருக்கு மூழ்கும் லைனும் 4, 5 செ.மீ. டியூப் ஈயும் (சிறு குழாயில் கட்டிய ஈ). மழைக்குப் பின் கலங்கிய நீரில் ஆரஞ்சு நிற ஆலிஸ் ஷ்ரிம்ப் என்ற ஈ எடுபடும்.

ஓட்டத்துக்குக் குறுக்கே, கீழ்நோக்கி 45 பாகையில் வீசுங்கள். லைனின் நடுப்பகுதி ஓட்டத்தில் வில்லாக வளைந்தால், கழியைத் தூக்கி அதை நீர் வரும் பக்கம் புரட்டிப் போடுங்கள். இல்லையேல் ஈ தறிகெட்டு ஓடும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு காலடி கீழே நகருங்கள். மீன் தட்டியதும் கழியைச் சுண்டாதீர்கள், வாயிலிருந்து ஈ உருவிக்கொள்ளும். மீன் திரும்பி, லைன் இறுகிக் கனத்த பிறகு கழியை மெதுவாகத் தூக்கினால் முள் வாயோரத்தில் பதியும்.