ரிப்பீட்டரில் முதல் அழைப்பு: லைசென்ஸ் வந்தபின் என்ன செய்வது?

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸுக்கான ஏஎஸ்ஓசி தேர்வு முடிந்து, வியூ3 என்று தொடங்கும் கால்சைனும் (அலைவரிசையில் உங்கள் அடையாளப் பெயர்) வந்தாயிற்று, கையில் ஒரு ஹேண்டியும் (கையடக்க ரேடியோ) இருக்கிறது. ஆனால் பிடிடியை (பேசுவதற்கான பொத்தான்) அமுக்கத் தயக்கம். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு மீட்டர் பேண்டில் உங்கள் ஊர் ரிப்பீட்டர் (உங்கள் சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன். தொலைதூரம் போகும் எச்எஃப் அலைவரிசைகள் இன்னொரு நாள்.

1. முதலில் கொஞ்ச நாள் வெறுமனே கேளுங்கள். உங்கள் ஊர் நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவது) எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அதை நடத்தும் கன்ட்ரோல் யார், எப்படிச் செக்-இன் செய்கிறார்கள் (வந்திருப்பதைச் சொல்கிறார்கள்) என்பதெல்லாம் காதில் விழுந்தாலே பழகிவிடும். எந்தப் புத்தகத்தையும்விட இது நல்ல பாடம்.

2. செட்டிங். ரிப்பீட்டரின் அலைவரிசை, ஷிஃப்ட் (நீங்கள் கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம்), டோன் (ரிப்பீட்டரைத் திறக்க உங்கள் குரலோடு போகும் மெல்லிய ஒலி) மூன்றும் தெரிய வேண்டும். இரண்டு மீட்டரில் ஷிஃப்ட் பெரும்பாலும் மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ். உங்கள் ஹேண்டி பாவோஃபெங் யூவி-5ஆர் என்றால் மெனு 25-இல் மைனஸ், 26-இல் 00.600, 13-இல் டோன். மெனு 11-ஐ ஆஃப் நிலையிலேயே விடுங்கள். அது நீங்கள் கேட்பதற்கான டோன். அதைப் போட்டுவைத்து, ரிப்பீட்டர் டோன் அனுப்பாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே கேட்காது. என்னைக் கேட்டால், ஒரு கேபிள் வாங்கிக் கணினியில் சிர்ப் மென்பொருள் வழியாகப் போடுவதே நிம்மதி. மென்பொருள் இலவசம்தான்.

3. ஆன்டெனா. கூட வரும் ரப்பர் ஆன்டெனாவை நம்பாதீர்கள். நீங்களே ஒன்று செய்துவிடலாம்: எஸ்ஓ-239 என்ற ஆன்டெனா சாக்கெட் ஒன்று, தலா 49 செமீ நீளத்தில் ஐந்து செம்புக் கம்பிகள். நடுவில் ஒன்று செங்குத்தாக, மற்ற நான்கும் நான்கு மூலையில் 45 டிகிரி சாய்ந்து கீழ்நோக்கி. மொட்டைமாடியில் ஏற்றினால் போதும். அதிக வாட் உள்ள செட்டுக்குச் செலவழிப்பதைவிட இதுவே மேல்.

4. அழைப்பு. எனக்குப் பிடிபட நாளானது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பிடிடியை அமுக்கியதும் பேசாதீர்கள். ரிப்பீட்டர் உங்கள் டோனை உணர்ந்து டிரான்ஸ்மிட்டரை எழுப்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். உடனே ‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ...’ (வியூ3-ஐ எழுத்து எழுத்தாக இப்படித்தான் சொல்வார்கள்) என்று தொடங்கினால் ‘விக்டர்’ விழுங்கப்பட்டுவிடும். அமுக்குங்கள், ஒரு நொடி விடுங்கள், பிறகு கால்சைனைச் சொல்லி ‘மானிட்டரிங்’ (கேட்டுக்கொண்டிருக்கிறேன்) என்று முடியுங்கள். ரிப்பீட்டரில் ‘சிக்யூ சிக்யூ’ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) என்று நீட்டி முழக்கத் தேவையில்லை.

அதேபோல, எதிர்முனையில் இருப்பவர் முடித்ததும் உடனே பாயாதீர்கள். ரிப்பீட்டரின் பீப் கேட்கட்டும், அதன் பிறகும் இரண்டு நொடி விடுங்கள். பல ரிப்பீட்டர்களில், தொடர்ந்து எவ்வளவு நேரம் பேசலாம் என்ற நேரக் கணக்கு அந்தப் பீப்புக்குப் பிறகுதான் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விடாமல் பேசினால் ரிப்பீட்டரே உங்களை வெட்டிவிடும். ஆனால் இடைவெளி விடுவதற்கு முக்கியக் காரணம் அதுவல்ல. அவசரத்தில் இருக்கும் ஒருவர் உள்ளே வர அது ஒன்றுதான் வழி. யாராவது ‘பிரேக்’ என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தி அவருக்கு வழி விடுங்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானோடு ஒரு தொடர்பாவது கிடைக்காதா என்று உலகம் முழுக்க ஹாம்கள் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செத்துப்போனபோது, பொழுதுபோக்குக்காக வைத்த அதே நிலையம்தான் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பியது. அன்று அலைவரிசையில் மற்றவர்கள் வாய்மூடிக் கேட்டதால்தான் அந்தச் செய்திகள் போய்ச் சேர்ந்தன. நாம் தினமும் விடும் இரண்டு நொடி அதற்கான பயிற்சி என்றே நினைக்கிறேன்.

5. பேசுவதற்கு விஷயம். பெயர், ஊர், செட், ஆன்டெனா, வானிலை. இது போதும், மற்றதை மூத்தவர்களே இழுத்துக்கொண்டு போவார்கள். வியாபாரம் கூடாது. அரசியலும் மதமும் வேண்டவே வேண்டாம். ரிப்பீட்டரில் ‘ஃபைவ் நைன்’ (தெளிவாக, பலமாகக் கேட்கிறது) என்று ரிப்போர்ட் கொடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் மீட்டர் காட்டுவது ரிப்பீட்டரின் பலத்தை, அவருடையதை அல்ல. ‘குரல் தெளிவு’, ‘கொஞ்சம் இரைச்சல்’ என்று உள்ளதைச் சொன்னால் அவருக்கு உதவும். முடிக்கும்போது இருவர் கால்சைனும், ஒரு 73-யும் (ஹாம்களின் ‘வாழ்த்துகள்’).

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

‘எனக்கு எல்லாம் கேட்கிறது, நான் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை.’ பெரும்பாலும் டோன்தான். மெனு 13-ஐ மறுபடி பாருங்கள், பிறகு ஷிஃப்டை.

‘தமிழில் பேசலாமா?’ தாராளமாக. சங்கேத மொழிதான் கூடாது. நெட்டில் வேற்று மாநிலத்தவர் இருந்தால் அவருக்குப் புரியும் மொழிக்கு மாறுவது மரியாதை.

‘எங்கள் ஊரில் ரிப்பீட்டரே இல்லை.’ அப்படியென்றால் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் வைத்து, சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து மாடிக்குப் போங்கள். ஒரு முறை கடக்கப் பத்து நிமிடம் போல ஆகும். விண்வெளி வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதும், சில நாட்களில் எஸ்எஸ்டிவி படங்களும் (ஒலியாக மாற்றி அனுப்பும் நிலைப்படங்கள்) அதில்தான் வரும். கேட்க மட்டும்தான் என்பதால் சாதாரண ஹேண்டியே போதும். கேட்டதைத் தேதி, நேரத்தோடு லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.