மாடல் ரயிலை டிசிசிக்கு மாற்ற: முதலில் மோட்டாரை சேசிஸ் கரன்டிலிருந்து பிரித்துவிடுங்கள்

12 வோல்ட் கன்ட்ரோலரில் ஓடும் ஹெச்ஓ (1:87 அளவு) ரயிலை டிசிசிக்கு, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறைக்கு, மாற்றக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி கன்ட்ரோல் பெட்டி வாங்கலாம் என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பழைய இன்ஜினில் மாட்டிய டீகோடர் (கட்டளையைப் படிக்கும் சின்ன சர்க்யூட்) புகைந்தால், சந்தேகப்பட வேண்டியது மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோகும் ஒரு பிரஷ் (கார்பன் துண்டு) இன்ஜினின் உலோகச் சட்டமான சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான்.

அனலாகில் அது தப்பே இல்லை. தண்டவாளத்து வோல்டேஜ் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஒரு பக்கத்து மின்சாரம் சேசிஸ் வழியாகப் போகட்டும் என்று அப்படியே செய்து விற்றார்கள். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் 14 முதல் 16 வோல்ட் இருக்கும். அது மைக்ரோசெகண்ட் கணக்கில் திசை மாறிக்கொண்டே இருக்கும்: '1' என்றால் அரைத் துடிப்பு 58, '0' என்றால் 100. இதைப் படித்து மோட்டாரை ஓட்டுவது டீகோடர். தண்டவாளத்து மின்சாரம் பின்வாசல் வழியாக மோட்டாரைத் தொட்டால், ஸ்விட்ச் போட்ட நொடியில் டீகோடர் போய்விடும்.

அதனால் இன்ஜினின் பாடியைக் கழற்றி, மோட்டாருக்கு வரும் வயர்களை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனை பிரஷ்ஷில், மறுமுனை சேசிஸில். பிறகு இரண்டு பக்கச் சக்கரங்களிலும் ஒவ்வொன்றாக. இன்னொரு பிரஷ்ஷுக்கும் இதே வேலை. ஓரிடத்திலும் சத்தம் வரக்கூடாது. வந்தால் பிரஷ் ஸ்பிரிங்குக்கு ஸ்லீவ், மோட்டாருக்கு அடியில் காப்டன் டேப் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்), இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் நைலான் ஸ்க்ரூ. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மறுபடி பாருங்கள்; சில இன்ஜின் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் தொடும்.

அடுத்தது ஸ்டால் கரன்ட், அதாவது மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும்போது இழுக்கும் கரன்ட். பழைய கன்ட்ரோலரில் 12 வோல்ட் வைத்து, மீட்டரை 10 ஆம்பியரில் போட்டு, சக்கரத்தை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். வழக்கமான ஹெச்ஓ டீகோடர் தொடர்ச்சியாக 1 ஆம்பியர், உச்சத்தில் 2 தாங்கும். மீட்டர் அதைத் தாண்டினால் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். சரிசெய்யாமல் மாட்டாதீர்கள்.

8 பின் சாக்கெட் இருக்கும் இன்ஜினில் செருகினால் முடிந்தது. இல்லாததில் வயர் நிறம் பார்த்து சால்டர் செய்யுங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் இரண்டு விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். மோட்டார் முனைகளுக்கு நடுவே இருக்கும் கெபாசிட்டரை வெட்டி எடுங்கள். தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கிளிப்புக்குள் ஒளிந்திருப்பதையும். சிக்னலைக் குழப்புவது அதுதான். டீகோடர் முழுவதையும் ஸ்லீவ் போட்டு மூடாதீர்கள். வேலூர் மே மாதத்தில் ஓட்டுக் கூரைக்குக் கீழே அது மூச்சுத் திணறும்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. மூன்று மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். மூட்டுகளையெல்லாம் சால்டர் வைத்து இறுக்கினால் சித்திரையில் தண்டவாளம் வளைந்துவிடும். மூட்டுகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு, கரன்டை ஜாயினரை (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) நம்பாமல் வயரில் கொடுங்கள்.

அந்த வயருக்கு வெளியூர் போக வேண்டாம். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 ஸ்கொயர் எம்எம், சிவப்பிலும் கறுப்பிலும் வாங்கி மேஜைக்கு அடியில் ஓட்டுங்கள். ஒவ்வொரு மூன்றடித் துண்டுக்கும் 0.5 ஸ்கொயர் எம்எம் இறக்கு வயர் ஒரு ஜோடி, ஓரடிக்கு மேல் நீளாமல். முப்பதடி லூப்புக்குப் பத்து ஜோடி. சால்டர் வைக்கும் இடத்துக்கு இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் ஸ்லீப்பர் உருகாது. பழைய பிளாக் ஸ்விட்சுகளையெல்லாம் ஆனில் விட்டுவிடலாம். பழைய கன்ட்ரோலர் வயரை மட்டும் அடியோடு பிடுங்குங்கள். பழையதும் டிசிசியும் ஒரே தண்டவாளத்தில் சந்தித்தால் பூஸ்டருக்கு (தண்டவாளத்துக்கு டிசிசி மின்சாரம் அனுப்பும் பகுதி) ஆபத்து.

வயரிங் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். மூன்றடிக்கு ஓரிடம் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கட் ஆகவில்லை என்றால் அங்கே இறக்கு வயர் போதவில்லை. தடம் புரண்ட போகி அதே இடத்தில் நின்றால் 5 ஆம்பியர் அதன் வழியே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கும்.

ஓட்ட ஆரம்பித்ததும் தடம் பிரியும் பாயின்ட்டில் ஏறும்போது எல்லா ரயிலும் சட்டென்று நின்றால் பதறாதீர்கள். சக்கரத்தின் உட்பக்கம், விலகி நிற்கும் தண்டவாளத்தைத் தொடுகிறது. அனலாகிலும் தொட்டதுதான், கண்ணில் படவில்லை. சக்கரங்களின் உள் இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று அளந்து சரிசெய்யுங்கள். உங்கள் மாடலில் காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் கிளையைப் பிரித்து, இடமில்லாமல் அதே மெயின் லைனில் எதிர்த்திசையில் வளைத்துச் சேர்த்திருந்தால், அது ரிவர்ஸ் லூப். அங்கே ஷார்ட் நிச்சயம். அந்த வளைவின் இரு முனையிலும் இரு தண்டவாளத்தையும் வெட்டி, மின்சாரத் திசையைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் மாட்டுங்கள். வெட்டிய பகுதி, உங்கள் நீளமான வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும்.

புதிய டீகோடரின் முகவரி, அதாவது கன்ட்ரோல் பெட்டி அதைக் கூப்பிடும் எண், 3. டீகோடரை அமைக்கத் தனியாக விடும் ப்ரோகிராமிங் ட்ராக்கில் வைத்து சிவிகளை (டீகோடரில் பதிவாகியிருக்கும் அமைப்பு எண்கள்) படிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளும். மோட்டாருக்கு ஒரு கணம் கரன்ட் கொடுத்துத்தான் டீகோடர் 'ஆமாம்' சொல்கிறது. படிக்க முடியவில்லை என்று வந்தால் டீகோடரைத் திட்டாமல் சக்கரத்தைத் துடையுங்கள், பிறகு ஆரஞ்சு, சாம்பல் வயரைப் பாருங்கள்.

அரக்கோணம் ஷெட் டபிள்யூஏபி-4 மின்சார இன்ஜின் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: ஐந்திலக்க இன்ஜின் எண்ணை முகவரியாகப் போட முடியாது, டிசிசியின் உச்சம் 10239. கடைசி நான்கு இலக்கத்தைப் போட்டு, சிவி 29-இல் 34 எழுதுங்கள். நீண்ட முகவரியும் வேலை செய்யும், அனலாக் ஓட்டமும் அணைந்துவிடும். ஷார்ட் ஆகி மீண்ட பிறகு இன்ஜின் தானாகப் பாயாது.