மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் தேதியை எழுதுங்கள்

கோவையில் கல்லூரி மாணவியர் தங்கும் விடுதி ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். "எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வர்றதில்லைங்க மேடம்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் பிள்ளைகளிடம், கடைசி மூன்று முறையும் எந்தத் தேதியில் தொடங்கியது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. மருந்துக்கும் ஸ்கேனுக்கும் முன்பாக வேண்டியது அந்தத் தேதிகள்தான்.

உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து, அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ணுவதே ஒரு சுழற்சி. போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வர வேண்டும் என்பதும் தவறான எண்ணம். மிகவும் பயந்துபோய் வந்த ஒரு மாணவியை, நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரில் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். ஜூலை 8, ஆகஸ்ட் 5, செப்டம்பர் 6, அக்டோபர் 3 என்று வந்தது. எண்ணிப் பார்த்தால் 28, 32, 27 நாட்கள். ஒரு மாதம் முந்துகிறது, ஒரு மாதம் பிந்துகிறது என்று அவள் கலங்கியது முழுவதும் இயல்பான கணக்கே. வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்தவர்களுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை இயல்பு; அதற்கு முன் 45 நாட்கள் வரைகூடப் போகலாம்.

தேதியோடு, எத்தனை நாள் போக்கு இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், வலி எப்படி இருந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் காய்ச்சலோ தேர்வோ தூக்கமின்மையோ இருந்ததா என்பவற்றையும் எழுதுங்கள். கருமுட்டை வெளியான பிறகு மாதவிடாய் வரும் இடைவெளி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே அமைகிறது. மன அழுத்தமும் உடல்நலக்குறைவும் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சமிக்ஞையைக் குலைக்கும்போது, கருமுட்டை வெளியாவதே தாமதமாகிறது. அதனால் இன்று தள்ளிப்போனதற்கான காரணத்தை நேற்றைய நாளில் தேடாமல், மூன்று நான்கு வாரங்களுக்கு முன் நடந்ததில் தேட வேண்டும். நவம்பர் செமஸ்டர் தேர்வின் விளைவு டிசம்பரில் தெரிவது இப்படித்தான்.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் எனும் தீமிதி, ஊரில் மாரியம்மன் பூச்சாட்டு என்றால், விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களில் போக்கு வந்துவிடும், ஆனால் அது மாத்திரையால் வந்தது. அதை வைத்துச் சுழற்சியைக் கணக்கிட முடியாது. ரத்தக்கட்டு ஏற்பட்ட வரலாறு போன்ற சில நிலைகளில் அது ஆபத்தும்கூட. தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டில் தவறாமல் குறித்துவையுங்கள்.

கோபியிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்தில் வெறும் வயிற்றோடு கிளம்பி, மதியம் வரை தேநீரிலேயே ஓட்டும் பிள்ளைகள் உண்டு. உடல் எடை மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் சுழற்சி பாதிக்கும். பிசிஓஎஸ் எனும் ஹார்மோன் கோளாறு இருந்து எடையும் கூடியிருந்தால், 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோதான். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். கம்பும் ராகியும் கொள்ளும் முருங்கைக்கீரையும் நம் வீட்டில் இல்லாதவை அல்ல. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். பப்பாளியும் எள்ளும் நல்ல உணவுகள், ஆனால் அவற்றைத் தின்று மாதவிடாயை வரவழைப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதம் வராமலே போனால், 21 நாட்களுக்குள்ளோ 35 நாட்களைத் தாண்டியோ திரும்பத் திரும்ப வந்தால், போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ அன்றே போக வேண்டும். முகத்தில் முடி வளர்வது, தீராத பருக்கள், மார்பில் பால் கசிவது இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் பரிசோதனைகளும், சூழலுக்கேற்பக் கர்ப்பப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்பது வழக்கம், உண்மையைச் சொல்லலாம். ஸ்கேனில் கட்டி கட்டியாகத் தெரிகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய முடியாது. இளவயதில் பலருக்கும் சினைப்பை அப்படித் தெரியும்.

"கல்யாணமானா எல்லாஞ் செரியாப் போயிரும் கண்ணு" என்று அம்மாயி சொல்வது பாசத்தால்தான். தைராய்டோ பிசிஓஎஸோ கல்யாணத்தால் குணமாவதில்லை என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிறைந்திருந்தால் தனியாகவே மருத்துவரைப் பார்க்கலாம். துணை வேண்டுமானால் தோழியையோ விடுதிக் காப்பாளரையோ அழைத்துப் போங்கள், வட்டமிட்ட அந்தக் காலண்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.