பழைய டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதா? டேங்கிலிருந்து தொடங்குங்கள்

ஏலத்தில் எடுத்த பழைய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். மீட்டரில் ஓடிய மணி நேரம் குறைவாக இருக்கும், பெயின்ட் பளிச்சென்று இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் ஓடாமல் நின்றிருக்கும். ஓடித் தேய்ந்த இன்ஜினைவிட நின்று கெட்ட இன்ஜின்தான் அதிகம் படுத்தும். டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வெடித்திருக்கும், வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கும், ஆல்டர்னேட்டரில் காந்தம் இறங்கியிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் "எஃப்ஐ பம்ப் (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) போய்விட்டது" என்று முதல் நாளே முடிவு கட்டி, பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதுதான் புதிதாக வாங்கியவர்கள் செய்யும் வீண்செலவு. பம்ப் கடைசி. டீசல் போகிற வழியிலேயே நாமும் டேங்கிலிருந்து நடக்க வேண்டும்.

இந்த வழிமுறை மெக்கானிக்கல் கவர்னரும் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு), இன்லைன் அல்லது ரோட்டரி பம்பும் உள்ள பழைய இன்ஜின்களுக்கு மட்டும். மிக அதிக அழுத்தத்தில் டீசல் அடிக்கும் காமன் ரெயில் இன்ஜினில், நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை (நாசில் நட்டு) தளர்த்துவது ஆளையே காயப்படுத்திவிடும். அதை இதில் சேர்க்காதீர்கள்.

ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால் மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்து டீசல் சம்ப்புக்குள் (இன்ஜினின் அடி ஆயில் தொட்டி) இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டயஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் நிற்காது. அளவு மிக அதிகமானால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடவும் செய்யும்.

ஓட்டுவதற்கு முன், நிறுத்தும் வழி

பல வருடம் நின்ற எஃப்ஐ பம்பில் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியிலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும். பம்பில் உள்ள ஸ்டாப் லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள்; தடையில்லாமல் போய் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்ப வேண்டும். அதோடு, இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு கெட்டியான பலகைத் துண்டை வெட்டிக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். சம்ப் ஆயிலை இழுத்து ஓடும் இன்ஜின் டீசலை அடைத்தால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ மூட வேண்டாம், உறிஞ்சல் உள்ளே இழுத்துவிடும். மெஷினைத் திறந்த வெளியில் வைத்துத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். புகை அறைக்குள் தங்கினால் உயிர் போகும்.

எப்படி நிற்கிறது என்று கேளுங்கள்

கருவியை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே நொடியில், சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் சட்டென்று நின்றால் அது கரண்ட் பக்கக் கோளாறு. ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டெம்பரேச்சர் ஸ்விட்ச், டைமர், ஸ்டாப் சொலினாய்டு, இவற்றில் ஒன்று. வேகம் ஏறி இறங்கி, திணறி, ஒருமுறை 1 நிமிடத்திலும் மறுமுறை 10 நிமிடத்திலும் நின்றால் அது டீசல் பக்கம். இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை மிச்சம் பிடித்துவிடும்.

கரண்ட் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகக் கூடாது. 24 வோல்ட் மெஷினுக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. முனையைக் கழற்றி, பிளாக்கில் பெயின்ட்டைச் சுரண்டி, திரும்ப முறுக்குங்கள்.

ஸ்டாப் சொலினாய்டில் இரண்டு வகை உண்டு: கரண்ட் கொடுத்தால் டீசலைத் திறப்பது, கரண்ட் கொடுத்தால் மூடுவது. முதல் வகையில், சாவி போட்டதும் (சிலவற்றில் செல்ஃப் அடிக்கும்போது) "டிக்" சத்தம் வர வேண்டும். வோல்ட் வந்தும் இழுக்கவில்லை என்றால் கழற்றித் துடைத்துப் பாருங்கள். வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலேயும் ஸ்விட்சும்தான் குற்றவாளி. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வந்தால் உடனே வயரைக் கழற்றி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஒரு மெக்கானிக்கல் கேஜை அந்த ஓட்டையில் மாட்டி, உண்மையில் பிரஷர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைக் குறை சொல்லலாம்.

டேங்க்

டேங்கின் அடிப் பிளக்கைத் திறந்து 1 லிட்டர் அளவுக்குக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரியும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று ஒரு படலம் இருந்தால் அது டீசலில் வளரும் கிருமிக் கூட்டம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடி அடைத்துக்கொள்ளும். டேங்கைக் காலி செய்து, உள்ளே கழுவித் துடைத்து, டீசலுக்கான கிருமிக்கொல்லியை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்த புது டீசலை ஊற்ற வேண்டும்.

டேங்க் மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் இன்ஜின் கால் மணி நேரம்போல நன்றாக ஓடி, பிறகு பசித்து நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடும். நின்ற உடனே மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும்.

ஏர் லீக்: பலரும் தோற்கும் இடம்

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாததால் "லைன் எல்லாம் நல்லா இருக்கு" என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

இதற்கு எந்த விலை உயர்ந்த கருவியும் ஒரு 5 லிட்டர் கேனுக்கு ஈடாகாது. சுத்தமான கேனில் புது டீசல் ஊற்றி, புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்ப் இன்லெட்டில் மாட்டுங்கள். ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குள் விடுங்கள். ஏர் எடுத்துவிட்டு (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, முறை கீழே) அரை மணி நேரம் ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் குற்றம் டேங்கிலோ பழைய லைனிலோ இருக்கிறது. அப்போதும் திணறினால் ஃபீட் பம்ப், ஃபில்டர், எஃப்ஐ பம்ப் பக்கம் தேட வேண்டும்.

தேடும்போது கேனை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். இன்ஜினைவிட உயரத்தில் வைத்தால், காற்று புகுந்த இடத்தில் இப்போது டீசல் கசியும். வெள்ளைக் காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றினால் ஈரம் தெரியும். தரையில் வைத்தால் ஃபீட் பம்ப் தானே உறிஞ்சியாக வேண்டும். பலவீனமான பம்ப் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, எஃப்ஐ பம்ப் இன்லெட்டுக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை இடையில் மாட்டி ஓட்டுங்கள். பெரிய குமிழிகள் வந்து சில நிமிடத்தில் நின்றால், ஏர் முழுதாக எடுக்கவில்லை என்று அர்த்தம். சோடாவில் வருவதுபோல் பொடிப்பொடியாக, நிற்காமல் வந்தால் லீக் இருக்கிறது. இந்த ஹோஸ் சோதனைக்கு மட்டும். சூட்டில் இளகிவிடும், நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள்.

காற்று புகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கிளிப்புக்கு அடியில் வெடித்த ஹோஸ் முனை. பலமுறை முறுக்கி இறுகிப்போன பான்ஜோ (உள்ளே துளையுள்ள போல்ட்டால் மாட்டும் பைப் இணைப்பு) காப்பர் வாஷர். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் ஓ-ரிங். புது ஃபில்டருக்கு அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் பழைய ஃபில்டரின் ரப்பர். கடைசியாக, யாரும் சந்தேகப்படாத ஹேண்ட் பிரைமர் (கையால் அடித்து டீசல் ஏற்றும் சிறு பம்ப்): அதன் பிளஞ்சர் சீல் தேய்ந்திருந்தால் இன்ஜின் ஓடும்போது அந்த வழியாகவே காற்றை இழுக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். காப்பர் வாஷரைப் புதிதாக வாங்குவதே நல்லது; கிடைக்காத அவசரத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். சிறிய ஹோஸுக்கு, உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் நட்டு போல்ட் கிளிப்தான் போட வேண்டும். பல் வெட்டிய கிளிப் ரப்பரைக் கடித்துவிடும். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் நூல் பிய்ந்து பம்புக்குள் போனால் எடுக்க முடியாது.

ஏர் எடுப்பது

ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குருவை முதலில் திறந்து, பிரைமரை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போது அடித்துக்கொண்டே முறுக்குங்கள். அடுத்து எஃப்ஐ பம்பில் உள்ள ஸ்குரு, அதே முறை. ஃபீட் பம்பின் கை லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் வரவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே கேம் உச்சியில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள், லீவரில் பிடிமானம் தெரியும்.

பிறகு எல்லா நாசில் நட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டாப் லீவர் ரன் நிலையில் இருக்க, 10 முதல் 15 நொடி செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துப்பத் தொடங்கியதும் முறுக்குங்கள். செல்ஃபுக்கு நடுநடுவே 2 நிமிடம் ஓய்வு கொடுங்கள். கண்ணாடி அணியுங்கள், நட்டுக்கு நேராகக் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் மட்டும் தெரிந்தாலும் அன்றைக்கே, உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

புகை சொல்வது

செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை: சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை: டீசல் போகிறது, எரியவில்லை, குளிர், குளோ பிளக், கம்ப்ரஷன், டைமிங் ஆகியவற்றைப் பாருங்கள். லோடு போடும்போது கறுப்பு: காற்று போதவில்லை அல்லது நாசில் ஒழுகுகிறது. நீலம்: ஆயில் எரிகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால், ஓடும்போது ஒவ்வொரு நட்டாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் சோம்பேறி சிலிண்டர். அதன் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், அங்கேயே நின்றால் வால்வு அல்லது கம்ப்ரஷன்.

வேகமும் கரண்டும்

4 போல் ஆல்டர்னேட்டர் 1500 ஆர்பிஎம்மில் 50 ஹெர்ட்ஸும் 1800-ல் 60 ஹெர்ட்ஸும் தரும். மெக்கானிக்கல் கவர்னர் லோடு ஏறும்போது கொஞ்சம் வேகம் இறங்கும். எனவே லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ் வைத்தால் முழு லோடில் 50-க்கு வந்து நிற்கும். காலியாக ஓடும்போதே 50 வைத்தால், லோடில் ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக வைக்கும் போர்டு) தானே வோல்ட்டைக் குறைத்துவிடும். பிறகு ஏவிஆரை மாற்றச் சொல்வார்கள். ஏர் பிரச்சினை தீர்ந்தும் வேகம் ஆடினால் கவர்னர் லிங்க்கின் மூட்டுகளைக் கழுவி எண்ணெய் விடுங்கள். பம்பில் சீல் வைத்த ஸ்குருவைத் தொடாதீர்கள்.

இன்ஜின் அழகாக ஓடுகிறது, வோல்ட் மட்டும் ஒன்றிரண்டுதான் காட்டுகிறது என்றால் ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் இறங்கிவிட்டது. இன்ஜினை நிறுத்தி, பிரேக்கரை ஆஃப் செய்து, ஏவிஆரிலிருந்து ஃபீல்டுக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஃபீல்டு பிளஸ்ஸுக்கும், மைனஸை மைனஸுக்கும் 3 நொடி தொட்டு எடுத்துவிட்டு, வயர்களைப் பழையபடி மாட்டி ஓட்டுங்கள். ஈரத்தில் நின்ற மெஷின் என்றால் இதற்கெல்லாம் முன்பே, ஏவிஆரைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைண்டிங்கைப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் சூடு காட்டி உலர்த்திய பிறகுதான் வோல்ட் ஏற்ற வேண்டும்.

பின்சேர்க்கை

சாயங்காலம் நன்றாக ஓடி, காலையில் மறுபடி ஏர் எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று பலர் கேட்கிறார்கள். இரவில் டீசல் டேங்குக்கே திரும்ப இறங்குகிறது. ஃபீட் பம்பின் வால்வுகளையும் ரிட்டர்ன் லைனின் சின்ன ஹோஸ்களையும் பாருங்கள். நாசில் தலைகளை இணைக்கும் அந்த மெல்லிய ஹோஸ் வெடித்திருந்தாலே போதும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துச் சமாளிக்க வேண்டாம். குளோ பிளக் அல்லது ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது இன்டேக்கிலேயே வெடிக்கும்.

இன்னொன்று, எல்லாம் மாற்றியும் பாதி லோடுக்கு மேல் போனால் மட்டும் திணறுவது. சில ஃபீட் பம்புகளின் இன்லெட் பான்ஜோ போல்ட்டுக்குள்ளே விரல்நுனி அளவில் ஒரு கம்பி வலை இருக்கும். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வலை தெரியாமல் கறுப்பாக அடைத்திருந்தால் சுத்தமான டீசலில் பிரஷால் தேய்த்துக் கழுவி, புது வாஷர் போட்டு மாட்டுங்கள்.