வைரஸ் புரதம் டிஎன்ஏவை வெட்டுகிறதா? முதல் சோதனைக்கு ஒரு செய்முறை

தக்காளி இலை மஞ்சளாகிக் கிண்ணம் மாதிரி சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஈ பரப்பும் அந்த மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸின் மரபணுத்தொகுதி ஒற்றை இழை டிஎன்ஏ வளையம், மொத்தமே சுமார் 2,800 எழுத்துகள்தான். அதற்குள் சொந்தமாகப் பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) வைத்துக்கொள்ள இடமில்லாததால் செடியுடையதையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் அந்தப் பாலிமரேஸ் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்ட இழையை ஓரிடத்தில் வெட்டிக் கொடுக்கிற ரெப் புரதம் மட்டும் வைரஸுடையது. அந்த வெட்டைத்தான் பார்க்கப் போகிறோம்.

படி 1: புரதம். ரெப்பில் சுமார் 360 அமினோ அமிலங்கள். பின்பாதி ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) உடைத்து இரட்டை இழையைப் பிரிக்கும். நமக்கு இப்போது அது வேண்டாம். வெட்டுவதும் ஒட்டுவதும் முதல் 120 அமினோ அமிலங்களிலேயே இருப்பதால், அந்தத் துண்டை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து எடுங்கள். முழுப் புரதம் பல சமயம் கரையாமல் கட்டிதட்டிப் போய் உயிரை வாங்கும்.

கூடவே இன்னொன்றும் தயாரிக்க வேண்டும்: 103ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஃபினைல்அலனின் என்ற இன்னொன்றாக மாற்றிய புரதம். வெட்டுவது அந்த டைரோசினின் ஓஎச் தொகுதிதான், ஃபினைல்அலனினில் அது கிடையாது. இதைத் தவிர்த்துவிட்டு நான் முதல் தடவை செய்தபோது, பாக்டீரியாவின் நியூக்ளியேஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) செய்த வெட்டை ரெப்பின் வேலை என்று நம்பி ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

படி 2: டிஎன்ஏ. 30 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை, 5' முனையில் (இழையின் தொடக்கம்) ஒளிரும் சாயம். முதலில் 11 எழுத்துகள், அப்புறம் டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி, பின்னால் 10 எழுத்துகள். நடுவில் உள்ள அந்த ஒன்பதும் நம்ம ஊர் உளுந்தில் மஞ்சள் தேமல் உண்டாக்கும் வைரஸிலும் அப்படியே இருக்கிறது. வெட்டு ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே விழும் என்பதால், சாயத்தோடு கிடைக்கும் துண்டு 18 எழுத்து.

படி 3: வினை. பிஎச் 7.5 டிரிஸ் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்), கொஞ்சம் உப்பு, 5 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 37 டிகிரியில் அரை மணி நேரம். ஏடிபி தேவையில்லை. நான்கு குழாய்கள் வையுங்கள்: புரதம் இல்லாதது, சரியான புரதம், மாற்றிய புரதம், சரியான புரதத்தோடு ஈடிடிஏ சேர்த்தது.

படி 4: ஜெல். ஃபார்மமைடு சேர்த்துச் சூடாக்கி, யூரியா உள்ள பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுங்கள். இரண்டாவது குழாயில் மட்டும் 18இல் பட்டை வந்தால் சரி. மூன்றாவதிலும் வந்தால் டிஎன்ஏவைக் குறை சொல்லாதீர்கள், புரதத்தை மறுபடி சுத்தம் செய்யுங்கள். நான்காவதில் வரக் கூடாது, ஏனென்றால் மக்னீசியத்தை ஈடிடிஏ பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால், சாயத்தை 3' முனைக்கு (இழையின் மறு கடைசி) மாற்றி இன்னொரு தடவை செய்து பாருங்கள். மீதி 12 எழுத்துத் துண்டு அந்த டைரோசினோடு வலுவாகப் பிணைந்துவிடுவதால், எஸ்டிஎஸ் (புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்துக் கொதிக்க வைத்துப் புரத ஜெல்லில் ஓட்டினாலும், புரதம் நிற்கிற இடத்திலேயே சாயம் ஒளிரும்.