ஒரு குறளை அலகிட்டுப் பார்ப்போம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தமிழ் படிக்க வருகிறவர்கள் பலருக்கு வீட்டுப் பேச்சு ஆங்கிலம்தான். பாட்டின் பொருள் உடனே பிடிபடாது. பரவாயில்லை, எழுத்துக் கூட்டத் தெரிந்தாலே யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், இறங்கிவிடலாம். அகராதியைக் கடைசியில் எடுங்கள்.

பயிற்சிக்காக நானே கட்டியது:

கரும்பை அறுத்தவர் கையில் தழும்பே
அரும்பிய தன்றோ அவர்க்கு

முதலில் அசை. பாட்டில் இடைவெளி விட்டு எழுதும் ஒவ்வொன்றும் ஒரு சீர்; அதன் ஒலித்துண்டு அசை. சீரை அசையாகப் பிரிப்பதே அலகிடுதல். குறிலை அடுத்து மெய் குறுக்கிடாமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால், இரண்டும் சேர்ந்து நிரை. தனியே நிற்பது நேர். பின்னால் வரும் மெய் அந்த அசையோடே போய்விடும். கரும்/பை நிரை நேர், இதற்கு வாய்பாடு புளிமா. அறுத்/தவர் நிரை நிரை, கருவிளம். கை/யில் நேர் நேர், தேமா; தழும்/பே புளிமா. அடுத்த அடியில் அரும்/பிய கருவிளம், தன்/றோ தேமா. ('அரும்பியது அன்றோ' என்பதில் உகரம் கரைவதால் இப்படிப் பிரித்து எழுதுவது மரபு.) கடைசிச் சீர் 'அவர்க்கு', நிரையோடு குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்): இதற்கு வாய்பாடு பிறப்பு.

அடுத்து தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம். மா என்று முடியும் சீருக்குப் (தேமா, புளிமா) பின் நிரை, விளம் என்று முடியும் சீருக்குப் (கருவிளம் போல) பின் நேர் வரவேண்டும். அடி மாறும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுவார்கள். 'தழும்பே'யிலிருந்து 'அரும்பிய'வுக்குப் போகும்போதும் விதி உண்டு. நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீர் வந்தால் அதற்குப் பின்னும் நேர்தான். இதில் காய்ச்சீரே இல்லை.

எதுகையை, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவதை, காதே சொல்லிவிடும்: கரும்பை, அரும்பிய. மோனை, அதாவது முதலெழுத்து ஒன்றுவது, ஒவ்வோர் அடியிலும் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையே.

இனி மெய்ப்பாடு, அதாவது பாட்டில் வெளிப்படும் உணர்ச்சி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது. வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். டர்பன் அடங்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பாட்டில் எந்தச் சொல் ஒட்டாமல் நிற்கிறது என்று தேடுங்கள். பூ அரும்பும், மீசை அரும்பும். தழும்பு அரும்புமா? 'தழும்பே' என்ற ஏகாரமோ வேறெதுவும் மிஞ்சவில்லை என்கிறது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இது அழுகை. அங்கே அழுகைக்குக் காரணம் இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை கெட்டு வருந்துதல்), வறுமை. 'அன்றோ' என்ற கேள்வியை வைத்து வெகுளி என்று வாதாடுவோரும் இருப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சினம் என்றால் யார்மேல் என்று தெரியவேண்டும். இங்கே தோட்ட முதலாளி பேச்சே வரவில்லை.

சோதிக்க, 'தழும்பே' இருக்கும் இடத்தில் 'வியர்வை' என்று போட்டுப் படியுங்கள். தளை கெடாது. ஆனால் வியர்வை அரும்புவது இயல்புதானே, குத்தல் காணாமல் போய்விடும்.