அறுவடை மிஷின் புக்கிங்குக்கு சொந்தமா ஒரு காலண்டர் சர்வர் போட்ட கதை, நீங்களும் போடலாம்

தஞ்சாவூர் பாபநாசம் பக்கத்துல எங்க உழவர் குழு ரெண்டு பெல்ட் மிஷின், ஒரு டயர் மிஷின், ஒரு நடவு மிஷின் வாடகைக்கு விடுது. முன்னாடி புக்கிங் எல்லாம் ஆபீஸ்ல இருந்த தம்பியோட சொந்த ஜிமெயில் காலண்டர்ல ஓடிச்சு. அவரு வேற வேலைக்கு போனாரு, போன் நம்பரையும் மாத்திட்டாரு, சம்பா அறுப்பு நேரத்துல பாதி புக்கிங் எங்க இருக்குன்னே தெரியல. ஒரே நாள் ஒரே மிஷினுக்கு ரெண்டு ஊர்லேருந்து ஆளு வந்து நின்னு சண்டை. அதுக்கப்புறந்தான் நம்ம குழு பேர்லயே ஒரு காலண்டர் சர்வர் வேணும்னு உக்காந்தேன்.

முதல்லயே சொல்லிடறேன், நாலஞ்சு பேர்தான், எல்லார்கிட்டயும் ஜிமெயில் இருக்குன்னா கூகுள் காலண்டரை குழு பேர்ல ஒரு அக்கவுண்ட் தொடங்கி ஷேர் பண்ணிட்டு போங்க, போதும். ஆளு மாறிக்கிட்டே இருக்கும், யாரு எழுதலாம் யாரு பாக்க மட்டும் செய்யலாம்னு பிரிச்சு வைக்கணும், டேட்டா நம்ம கையில இருக்கணும்னா மேல படிங்க.

நான் எடுத்தது ராடிகேல் (Radicale), காலண்டரை மட்டும் பாத்துக்கற ஒரு சர்வர் சாஃப்ட்வேர். பைத்தான்ல எழுதுனது, ரொம்ப லேசு, டேட்டாபேஸ் எதுவும் வேணாம், ஒவ்வொரு புக்கிங்கும் ஒரு ஐசிஎஸ் ஃபைலா (காலண்டர் ஆப் எல்லாம் படிக்கற ஃபைல்) ஃபோல்டர்ல உக்காந்துக்கும். ஃபைல், காலண்டர் எல்லாம் சேந்த நெக்ஸ்ட்கிளவுடும் பண்ணும், ஆனா காலண்டருக்கு மட்டும் அதை போடறது ரெண்டு மா நிலத்து நடவுக்கு பத்து ஆளு கூப்புடற மாதிரி. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போடாதீங்க, கரண்ட் போனா சர்வரும் போச்சு, அதோட நம்ம ஊரு பிராட்பேண்ட் பலதுக்கும் வெளியேருந்து உள்ள வர பப்ளிக் ஐபியே கிடைக்காது. 1 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (மாச வாடகைக்கு நெட்ல கிடைக்கற சர்வர்), அதுல டெபியன் லினக்ஸ், அது தாராளம்.

டெபியன்ல சாஃப்ட்வேர் இறக்கற ஆப்ட் (apt) கமாண்ட்ல ராடிகேல்னு போட்டா இறங்கிடும். எட்சி (/etc) ஃபோல்டருக்குள்ள ராடிகேல், அதுக்குள்ள கான்ஃபிக்னு ஒரு ஃபைல் இருக்கும். சர்வர் தலைப்புல லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5232, அதை அப்படியே விட்டுடுங்க, வெளில நேரா தொறக்காதீங்க. லாகினுக்கான ஆத் (auth) தலைப்புல எச்டிபாஸ்வேர்டு (htpasswd, யூசர் பேரும் பாஸ்வேர்டும் ஒரு ஃபைல்ல இருக்கற முறை), என்கிரிப்ஷன் பிகிரிப்ட் (bcrypt), அதுக்கான பைத்தான் பேக்கேஜையும் சேத்து இறக்கிக்கோங்க. ஆத் வரியை எழுதாம விட்டா 3.5க்கு முந்தின வெர்ஷன்ல யாரு வேணா உள்ள வரலாம், 3.5லேருந்து யாருமே வர முடியாது, ரெண்டும் நமக்கு ஆகாது.

யூசர் சேக்கறப்ப ஒரு குழி இருக்கு, நான் விழுந்தேன். எச்டிபாஸ்வேர்டு கமாண்ட்ல சின்ன சி ஆப்ஷன் புது ஃபைல் உருவாக்க. முதல் யூசருக்கு மட்டும் அதை போடணும். நான் ஹிஸ்டரில இருந்த பழைய கமாண்டை மேல்-ஆரோ தட்டி பேரை மட்டும் மாத்தி ஓட்டினேன், ஒன்பது பேரு பாஸ்வேர்டும் காலி, பத்தாவது ஆளு மட்டும் மிச்சம். ரெண்டாவது ஆள்லேருந்து பிகிரிப்ட்டுக்கான பெரிய பி (-B) மட்டும் போதும்.

வெளில எச்டிடிபிஎஸ் வேணும், அதுக்கு வெளியேருந்து வர்றதை வாங்கி உள்ள அனுப்பற வெப் சர்வர், என்ஜின்எக்ஸோ கேடியோ (Caddy) ஒண்ணு, ராடிகேலுக்கு முன்னாடி நிக்கணும். கேடின்னா எச்டிடிபிஎஸ்க்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் இலவச சர்டிஃபிகேட்டை அதுவே எடுத்து அதுவே புதுப்பிச்சுக்கும். காலண்டருக்குன்னு தனி சப்டொமைன் குடுங்க. மெயின் சைட்டுக்கு கீழ ஸ்லாஷ் போட்டு வெச்சா எக்ஸ்-ஸ்கிரிப்ட்-நேம்னு ஒரு ஹெடர் அனுப்பணும், அதை மறந்தா லாகின் ஆகும், காலண்டர் மட்டும் வராது, நாம பாஸ்வேர்டை மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருப்போம்.

இப்ப ரைட்ஸ் ஃபைல், அதாவது யாரு எழுதலாம் யாரு பாக்கலாம்ங்கறது. சர்வர் போட எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, இதுக்கு ஒரு வாரம். ராடிகேல் ஒரே நேரத்துல ரெண்டு புக்கிங் வந்தா தடுக்காது, பேசாம ரெண்டையும் வாங்கி வெச்சுக்கும். அதனால ஒரு காலண்டர்ல ஒருத்தர்தான் எழுதணும், இதுல விட்டுக்குடுக்காதீங்க. மிஷினுக்கு ஒரு காலண்டர், எல்லாம் "புக்கிங்"ங்கற யூசருக்கு கீழ, அந்த பாஸ்வேர்டு ஆபீஸ் அக்காகிட்ட மட்டும். டிரைவருங்க, டைரக்டருங்க எல்லாருக்கும் தனித்தனி யூசர், பாக்க மட்டும். கான்ஃபிக்ல ரைட்ஸ் டைப்பை ஃப்ரம்-ஃபைல்னு மாத்திட்டு, ரைட்ஸ் ஃபைல்ல ஒவ்வொரு விதிக்கும் யூசர், கலெக்ஷன் (எந்த காலண்டர்), பர்மிஷன்ஸ்னு மூணு வரி எழுதணும். பெரிய ஆர்னா ஃபோல்டரை பாக்க, சின்ன ஆர்னா காலண்டருக்குள்ள படிக்க, சின்ன டபிள்யூன்னா எழுத. மேலேருந்து படிச்சுக்கிட்டு வரும், முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுடும், அதனால குறிப்பான விதி மேல, பொதுவானது கீழ.

தலைவருக்கு மரியாதைக்குன்னு எழுதற உரிமையும் குடுத்திருந்தேன். அவரு டீக்கடைல போனை எடுத்து காட்டறப்ப விரல் அழுந்தி ஒரு புக்கிங் மறுநாளுக்கு நகந்துடுச்சு, அம்மாபேட்டைக்கு போக வேண்டிய பெல்ட் மிஷின் ஷெட்லயே நின்னுச்சு. இப்ப அவருக்கும் சின்ன ஆர்தான். "என்னப்பா என்னையவே லாக் பண்ணிட்ட"ன்னாரு, ரெண்டு நாள் பேசல.

ஆண்ட்ராய்டு போன்ல சர்வர் காலண்டரை போனுக்கு கொண்டு வர்ற டேவ்எக்ஸ்5 (DAVx5) ஆப் போடணும், ப்ளே ஸ்டோர்ல காசு, எஃப்-டிராய்டுங்கற இன்னொரு ஆப் ஸ்டோர்ல இலவசம். அடுத்தவங்க காலண்டர் தானா லிஸ்ட்ல வராது, அந்த காலண்டரோட முழு அட்ரஸை யூஆர்எல் கட்டத்துல ஒட்டுங்க. சிங்க் நேரம் நாலு மணி நேரம்னு இருக்கும், 15 நிமிஷம் ஆக்குங்க, பேட்டரி கட்டுப்பாட்டுலேருந்தும் அந்த ஆப்பை விலக்குங்க, இல்லன்னா ராத்திரி போன் அதை தூங்க வெச்சுடும். ஐபோன்காரங்க சப்ஸ்கிரைப் காலண்டர்ல அதே அட்ரஸை குடுத்தா படிக்க வரும்.

பழைய புக்கிங்கை ஐசிஎஸ் ஆக்கி ஏத்துறப்ப நேரத்தை பாருங்க. நேரத்துக்கு கடைசில இசட் இருந்தா அது யூடிசி, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கற உலகப் பொது நேரம். நான் காலைல 6 மணின்னு இருந்ததை அப்படியே இசட் போட்டு ஏத்தினேன், டிரைவர் போன்ல 11:30ன்னு காட்டுச்சு, அவரு நிம்மதியா தூங்கினாரு. இசட்டை எடுத்துட்டு ஏசியா/கொல்கத்தான்னு டைம்சோனை போடுங்க. அதே மாதிரி முழு நாள் புக்கிங்ல முடியற தேதி ஒரு நாள் தள்ளி இருக்கணும், 10லேருந்து 12 வரைன்னா ஃபைல்ல 13ன்னு இருக்கும், அது தப்பில்ல.

வாய்க்கால் தண்ணிக்கு முறை வெக்கறதையும் தனி காலண்டர்ல ரிப்பீட்டா போட்டிருக்கோம், முடிவு தேதி மேட்டூர் அணை மூடற ஜனவரி 28. ஜூன் 12 தொறப்பை மட்டும் வருஷாவருஷம் ரிப்பீட்னு போட்டுடாதீங்க, அணைல தண்ணி இருந்தாத்தானே.

பேக்கப்புக்கு அந்த ஃபோல்டரை தினம் ராத்திரி வேற இடத்துக்கு காப்பி பண்ணா போச்சு. அதோட ஸ்டோரேஜ் தலைப்புல ஹூக்னு ஒரு வரி இருக்கு, அதுல கிட் (git, ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கற சாஃப்ட்வேர்) கமிட்டை யூசர் பேரோட மாட்டி விட்டா எந்த புக்கிங்கை எந்த லாகின் எப்ப மாத்துச்சுன்னு நிக்கும். தலைவர் விஷயம் அதுல பாத்துத்தான் தெரிஞ்சுது.

ஸ்மார்ட்போன் இல்லாத டிரைவர் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல இருக்கற தண்டர்பேர்டு மெயில்-காலண்டர் சாஃப்ட்வேர்லேருந்து அந்த வாரத்தை பிரிண்ட் எடுத்து, ஊரு, பேரு, எத்தனை மான்னு தெரியற மாதிரி, ஷெட் கதவுல ஒட்டிடுவோம்.